நம்மட ஆள் என்றால் நியாயம் வேறா?

(ஆலையடிவேம்பில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, மக்கள் பிரதிநிதிகளின் ஒழுக்கமும் மக்களின் கோபமும். கோபத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் உரம் இல்லாமல் வயலில் நின்றவர்கள் நீங்கள். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டவர்கள் நீங்கள். கேஸ் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு இரவிரவாகக் காவலிருந்தவர்கள் நீங்கள். கோபம் உங்களிடம் நிறையவே இருக்கிறது. நான் கேட்க வந்தது வேறொன்று. அந்தக் கோபம் எங்கே போகிறது? யார் மேல் போகிறது? நம்முடைய ஆள் தவறு செய்யும்போதும் அது வருகிறதா?

தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் ஒரு வசனம் காதில் விழும். "எல்லாரும் கள்ளனுகள்தான்." இதைச் சொல்லிவிட்டால் பெரிய உண்மையைச் சொன்ன திருப்தி வந்துவிடுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லாரும் கள்ளன் என்று சொல்லிவிட்டால் எந்தக் கள்ளனையும் பெயர் சொல்லிப் பிடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. நேர்மையாக இருக்கும் ஒருவருக்கும் அந்த நேர்மையால் மரியாதை கிடைக்காமல் போகிறது. களவெடுப்பவனுக்கு இதைவிட வசதியான வசனம் உண்டா? ஆகவே இன்றைக்கு அந்த வசனத்தை மண்டப வாசலில் விட்டுவிட்டு, பெயர்களோடும் ஆண்டுகளோடும் பேசுவோம்.

நம்முடைய கிழக்குக் கரையிலிருந்தே தொடங்குகிறேன். கல்முனைத் தொகுதியின் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் அவர்களை மூத்தவர்கள் அறிவீர்கள். 1947இல் முதலாவது பாராளுமன்றத்துக்குப் போனவர். 1956இல் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக நின்று, தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து போட்ட வாக்கில் வென்றவர். சாய்ந்தமருதில் இன்றும் அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. இந்தப் பகுதிக்கு அவர் செய்தவற்றைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்த நன்றி ஊருக்கு இருக்கட்டும். ஆனால் இலங்கையின் சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் நின்றுவிட்டது இன்னொரு காரணத்துக்காக.

1959இல் அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. பாராளுமன்ற உறுப்பினர்களும் முன்னாள் உறுப்பினர்களும் இலஞ்சம் வாங்கினார்களா என்று விசாரிப்பதற்கான தல்கொடபிட்டிய ஆணைக்குழு அது. 1960இல் அறிக்கை வந்தது. சிலர் மீதான குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாக ஆணைக்குழு சொன்னது. அந்தச் சிலரில் காரியப்பர் அவர்களும் ஒருவர்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஐந்து வருடம் எதுவுமே நடக்கவில்லை. அறிக்கை அலுமாரியில் கிடந்தது.  1965 மார்ச்சில் பொதுத் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. ஆணைக்குழு இலஞ்சம் வாங்கினார் என்று எழுதிய அதே மனிதரைக் கல்முனை மக்கள் மறுபடியும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் டட்லி சேனநாயக்காவின் ஆட்சியில் ஒரு விசேட சட்டம் நிறைவேறியது. பெயர் குறிப்பிடப்பட்டவர்களின் குடியியல் உரிமைகள் ஏழு வருடத்துக்குப் பறிக்கப்பட்டன. வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, சபையில் இருக்க முடியாது. காரியப்பரின் ஆசனம் போனது.

அவர் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் போனார். அந்தக் காலத்தில் நம் நாட்டின் கடைசி நீதிமன்றம் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கேயும் போனார். தீர்ப்பளிக்கும் வேலை நீதிமன்றத்துடையது. பாராளுமன்றம் பெயர் குறித்துத் தண்டிக்கச் சட்டம் செய்யலாமா என்பது அவர் தரப்பு வாதம். நல்ல வாதம்தான். ஆனால் பிரிவி கவுன்சில் 1967இல் அதை ஏற்கவில்லை. இந்தச் சட்டத்தின் நோக்கம் ஒருவரைத் தண்டிப்பது அல்ல, மக்கள் சபைகளைச் சுத்தமாக வைத்திருப்பது என்று அது கருதியது. காரியப்பர் எதிர் விஜேசிங்ஹ என்ற அந்த வழக்கைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். கொழும்பிலும் படிக்கிறார்கள், கொமன்வெல்த் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் படிக்கிறார்கள். நம் கல்முனையில்தான் அதைப் பற்றிப் பேசுவார் இல்லை.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? இதற்குள் நம்முடைய எல்லா நோய்களும் இருக்கின்றன. விசாரணை நடந்தது, அறிக்கை தூங்கியது. வாக்காளருக்கு விடயம் தெரிந்திருந்தது, ஆனாலும் வாக்கு விழுந்தது. கடைசியில் நடவடிக்கை வந்தபோது அது நிலையான விதியின்படி வரவில்லை. ஆட்சியில் இருந்தவர்கள் பெயர்ப் பட்டியல் போட்டுச் சட்டம் செய்தார்கள். தூங்கும் அறிக்கை, மன்னிக்கும் வாக்கு, பட்டியல் போடும் ஆட்சி. அறுபது வருடத்துக்கு மேலாகியும் இந்த மூன்றில் எதை நாம் மாற்றினோம்?

பெயர்ப் பட்டியல் போடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பாருங்கள். 1980 ஒக்டோபர் 16ஆம் திகதி, உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகளைப் பாராளுமன்றம் ஏழு வருடத்துக்குப் பறித்தது. ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆட்சியில் விசேட ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று விசாரித்து, ஆறில் ஐந்து பெரும்பான்மை வைத்திருந்த ஆளும் கட்சி கைதூக்கி முடித்த காரியம் அது. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்க முடியவில்லை. அதற்கு ஒழுக்க நடவடிக்கை என்று யாராவது பெயர் வைப்பார்களா? எதிரியைக் களத்திலிருந்து அகற்றிய வேலை என்றுதான் வரலாறு எழுதியிருக்கிறது. சபைக்கு வெளியே நின்று, கட்சி பாராமல் விசாரிக்கும் நிலையான அமைப்பு இல்லாத நாட்டில் இரண்டே இரண்டு விடயம்தான் நடக்கும். நம் ஆள் என்றால் மூடி மறைத்தல். எதிரி ஆள் என்றால் பழிவாங்கல். நீதி என்ற மூன்றாவது விடயத்துக்கு அங்கே இடமே இல்லை.

சரி, அது பழைய கதை என்பீர்கள். நேற்றைய கதைக்கு வருவோம்.

2018ஆம் ஆண்டு நம் பாராளுமன்றம் உறுப்பினர்களுக்கான ஒழுக்கக் கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. வரவேற்க வேண்டிய விடயம். அதே 2018, நவம்பர் 16ஆம் திகதி என்ன நடந்தது? சபாநாயகர் கரு ஜயசூரியவைச் சுற்றிப் பொலிசார் அரண் கட்டி சபைக்குள் அழைத்துவர வேண்டியிருந்தது. புத்தகங்கள் பறந்தன. கதிரைகள் பறந்தன. மிளகாய்த்தூள் கலந்த தண்ணீர் முகத்தில் வீசப்பட்டது. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். வகுப்பில் ஒரு மாணவன் இன்னொரு மாணவனின் கண்ணில் மிளகாய்த்தூள் போட்டால் அதிபர் என்ன செய்வார்? அடுத்த நாள் அவன் வகுப்பில் இருப்பானா? அந்தச் சபையில் இருந்தவர்களில் ஒருவராவது அதற்காக ஆசனத்தை இழந்தாரா? இல்லை. ஒழுக்கக் கோவை ஏட்டில் இருந்தது, ஆசனம் அவர்களிடம் இருந்தது.

2023 மே மாதம். புத்தளம் மாவட்டத்து எம்.பி அலி சப்ரி ரஹீம் டுபாயிலிருந்து கட்டுநாயக்காவில் வந்து இறங்குகிறார். பிரமுகர்களுக்கான வழியால் வெளியே வருகிறார். பயணப் பையில் மூன்று கிலோவுக்கும் அதிகமான தங்கமும் 91 கைத்தொலைபேசிகளும் இருந்தன. சுங்கத்துறை 75 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. கட்டினார், போனார். எங்கே போனார்? அடுத்த நாளே பாராளுமன்றத்துக்குப் போனார், வாக்களித்தார். அன்றைக்கு அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்ததற்கு அவர் சொன்ன காரணம், தான் சிக்கலில் இருந்தபோது அரசாங்கம் உதவவில்லை என்பது. பகிரங்கமாகச் சொல்லக்கூடிய காரணமாக அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓர் அரச எழுதுவினைஞர் இப்படிப் பிடிபட்டிருந்தால் அடுத்த நாள் கந்தோரில் கையெழுத்து வைக்க விட்டிருப்பார்களா? வேலை நிறுத்தம், விசாரணை, சம்பளமும் போயிருக்கும். எம்.பிக்கு ஆசனம் போகவில்லை.

முஸ்லிம் எம்.பியின் கதையை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அடுத்து ஒரு சிங்கள அமைச்சர். 2023இல் நாட்டின் ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் பற்றிப் பயங்கரமான செய்திகள் வந்தன. சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெலவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. செப்டம்பர் 8ஆம் திகதி வாக்கெடுப்பு. ஆதரவாக 73, எதிராக 113. அமைச்சர் தப்பினார். ஒக்டோபரில் அமைச்சை மாற்றிச் சுற்றாடல் அமைச்சர் ஆக்கினார்கள். 2024 பெப்ரவரி 2ஆம் திகதி, தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரைக் கைது செய்தது. கைதாகும்போது அவர் அமைச்சர். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும், அதில் நான் கை வைக்கவில்லை. என் கேள்வி அந்த 113 பேரைப் பற்றியது. ஐந்து மாதத்தில் பொலிசாரின் கண்ணுக்குத் தெரிந்தது 113 மக்கள் பிரதிநிதிகளின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? கண் இருந்தது. கை தூக்கும்போது அவர்கள் பார்த்தது மருந்துக் குப்பியை அல்ல, கட்சிக் கொறடாவின் முகத்தை.

தமிழர் பக்கம்? நம் பக்கத்து மாவட்டம் மட்டக்களப்பு. 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பட்டியலில் மக்கள் அனுப்பிய ச. வியாழேந்திரன் 2018 அரசியல் குழப்பத்தில் மறுபக்கம் தாவினார், பதவி பெற்றார், பின்பு இராஜாங்க அமைச்சரும் ஆனார். 2025 மார்ச்சில் மணல் அனுமதிப்பத்திரம் தொடர்பான இலஞ்சக் குற்றச்சாட்டில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அவரைக் கைது செய்தது. குற்றச்சாட்டு குற்றச்சாட்டுத்தான், தீர்ப்பு அல்ல. ஆனால் கூட்டமைப்புக்கு என்று போட்ட வாக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மறுபக்கம் போனபோது, ஏன் போனீர் என்று கேட்டுப் பதில் வாங்க வாக்காளருக்கு எந்த வழியும் இருக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

முஸ்லிம் சகோதரர்களுக்கு இதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. 2020. கொவிட்டில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம். உலகம் முழுவதும் அடக்கம் செய்யலாம் என்ற நிலையிலும் இங்கே எரித்தார்கள். அந்த வேளையில், ஒக்டோபர் 22ஆம் திகதி, அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிரணியில் இருந்த முஸ்லிம் கட்சிகளின் தலைவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களுடைய எம்.பிக்கள் பலர் ஆதரித்து வாக்களித்தார்கள். கிழக்கு மக்கள் அனுப்பியவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஜனாஸாக்கள் எரிந்தன. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. அந்த வாக்குக்காக யாருக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு ஆதாரம் இல்லாமல் பேச உரிமை இல்லை. ஆனால் ஏன் வாக்களித்தேன் என்று தன்னை அனுப்பிய மக்கள் முன்னால் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்ற கடமைகூட எந்த விதியிலும் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

இந்தக் காலத்தில் எம்.பிக்களின் ஆசனத்தைத் தொட்டது யார்? 2023 ஒக்டோபரில் நசீர் அஹமட்டின் ஆசனம் போனது, உயர் நீதிமன்றத் தீர்ப்பால். 2024 மேயில் டயானா கமகேயின் ஆசனம் போனது, அதுவும் உயர் நீதிமன்றத் தீர்ப்பால். பொருளாதாரத்தைச் சீரழித்ததில் ராஜபக்ஷ சகோதரர்களும் வேறு சிலரும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி சொன்னதும் உயர் நீதிமன்றம்தான். அந்த வழக்கைப் போட்டவர்களும் எம்.பிக்கள் அல்ல. ஒரு வர்த்தகத் துறைப் பிரமுகர், ஒரு முன்னாள் நீச்சல் வீரர், ஓர் ஊழல் எதிர்ப்பு அமைப்பு என்று குடிமக்கள் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். நாட்டின் நிதிக்கு முழுப் பொறுப்பான சபை என்று அரசியலமைப்பு சொல்வது பாராளுமன்றத்தை. அந்தச் சபை கேட்காத கேள்வியைக் குடிமக்கள் நீதிமன்றப் படியேறிக் கேட்க வேண்டி வந்தது.

நீதிமன்றமும் கேட்காதபோது என்ன நடக்கும்? 2022 மே 9 நடக்கும். காலிமுகத்திடலில் அமைதியாக இருந்த இளைஞர்களை அலரி மாளிகையிலிருந்து வந்த கும்பல் அடித்தது. அன்று மாலையே நாடெங்கும் எம்.பிக்களின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவவில் அமரகீர்த்தி அத்துகோரள என்ற எம்.பி கொல்லப்பட்டார், அவருடைய மெய்ப்பாதுகாவலரான பொலிஸ்காரரும் கொல்லப்பட்டார். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன், நீங்களும் நியாயப்படுத்தக் கூடாது. அந்தப் பொலிஸ்காரருக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு. கோபம் போக நேரான வழி ஒன்று கட்டி வைக்காத நாட்டில் அது வீதியில்தான் இறங்கும், அப்போது அது ஆள் பார்க்காது.

பிறகு அந்தக் கோபம் வாக்குப் பெட்டிக்கு வந்தது. 2024 நவம்பர் 14 தேர்தலில் 225 ஆசனங்களில் 159 ஒரே அணிக்குப் போனது. பழைய முகங்கள் பெருந்தொகையாகக் காணாமல் போயின. நல்லது, மக்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் ஒரு மாதம் கூட ஆகவில்லை. புதிய சபாநாயகர் அசோக ரன்வலவின் கலாநிதிப் பட்டம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. டிசம்பர் 13ஆம் திகதி அவர் பதவி விலகினார். விலகினாரே, அதை மதிக்கிறேன். அந்தக் கேள்வியை எழுப்பியது யார்? சமூக ஊடகங்களும் செய்தியாளர்களும். சபைக்குள் அதைச் சரிபார்க்க எந்தப் பொறிமுறையும் இல்லை. ஆட்கள் மாறினார்கள். விதி மாறவில்லை.

அந்த விதிதான் இன்றைய பேச்சின் நடுப்புள்ளி. நம் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் ஒழுக்கம் மீறினால் விசாரிப்பது யார்? ஒழுக்கவியல் மற்றும் சிறப்புரிமைகள் பற்றிய குழு. அதில் இருப்பவர்கள் யார்? உறுப்பினர்கள். முடிவை ஏற்பதா இல்லையா என்று வாக்களிப்பவர்கள்? உறுப்பினர்கள். கிடைக்கும் தண்டனை? எச்சரிக்கை, அல்லது சில வார இடைநிறுத்தம். 2025இல் யாழ்ப்பாண எம்.பி ஒருவர் தகாத வார்த்தை பேசினார் என்று எட்டு அமர்வுகளுக்கு அவருடைய பேச்சை ஒளிபரப்பாமல் நிறுத்தினார்கள். அவர் பேசலாம், நாம் கேட்க முடியாது. இதில் தண்டனை யாருக்கு?

நம் ஊர்க் கோயில்களில் வண்ணக்கர் இருக்கிறார். பள்ளிவாசல்களில் நம்பிக்கையாளர் சபை இருக்கிறது. வண்ணக்கர் தன் கணக்கைத் தானே எழுதி, தானே சரிபார்த்து, தானே கைதட்டி ஏற்றுக்கொண்டால் திருவிழா முடிந்த மறுநாள் குடிகள் சும்மா இருப்பார்களா? கோயில் உண்டியலுக்கு நாம் கேட்கும் கணக்கை, நாட்டின் உண்டியலுக்கு ஏன் கேட்பதில்லை?

விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே மேசையில் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் சாட்சி. 2015இல் நடந்த அந்த மோசடியைப் பாராளுமன்றத்தின் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, அதாவது கோப் குழு, விசாரித்தது. பின்பு ஜனாதிபதி ஆணைக்குழு தோண்டியபோது வெளிவந்தது என்ன? விசாரணை நடந்த காலத்தில் அந்தக் குழு உறுப்பினர்கள் சிலர், விசாரிக்கப்பட்ட நிறுவனத்தின் உரிமையாளரோடு தொலைபேசித் தொடர்பில் இருந்திருக்கிறார்கள். குழு அறிக்கைக்கு ஒரு பகுதியினர் அடிக்குறிப்பு எழுதிச் சேர்த்ததும் நாடறிந்த கதை.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன? இந்தியாவைப் பாருங்கள். 2005 டிசம்பர் 12ஆம் திகதி, சபையில் கேள்வி கேட்பதற்கு எம்.பிக்கள் பணம் வாங்கும் காட்சிகளை ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பியது. டிசம்பர் 23ஆம் திகதி இரு சபைகளிலுமாகப் பதினொரு பேர் வெளியேற்றப்பட்டார்கள். பல கட்சிக்காரர்களும் அதில் இருந்தார்கள். பதினொரு நாள்! நம் தல்கொடபிட்டிய அறிக்கை ஐந்து வருடம் தூங்கியதை இதோடு வைத்துப் பாருங்கள். ஆனாலும் இந்தியாவின் வழியை நான் முழுதாகப் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பான்மை உள்ளவர்கள் கையில் வெளியேற்றும் அதிகாரத்தை அப்படியே கொடுத்தால் 1980 திரும்ப வரும்.

எனக்குப் பிடித்த பாடம் பிரித்தானியாவில் இருக்கிறது. அங்கேயும் எம்.பிக்கள் ஒன்றும் தேவதைகள் அல்ல. பணம் வாங்கிக் கேள்வி கேட்ட விவகாரத்துக்குப் பிறகு 1995இல் எம்.பி அல்லாத ஒருவரை ஒழுக்க ஆணையாளராக நியமித்தார்கள். 2009இல் பொய்ச் செலவுக் கணக்குகள் வெளியாகி நாடு கொதித்தது. செலவுப் பணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை எம்.பிக்களிடமிருந்து பிடுங்கித் தனி அதிகார சபையிடம் கொடுத்தார்கள். 2015இல் மீளழைப்புச் சட்டம் வந்தது. ஓர் எம்.பி சிறைத் தண்டனை பெற்றால், அல்லது ஒழுக்கக் குழுவின் அறிக்கைப்படி பத்து அமர்வு நாட்களோ அதற்கு மேலோ இடைநிறுத்தப்பட்டால், அல்லது செலவுக் கணக்கில் பொய் சொல்லிக் குற்றவாளியானால், தொகுதியில் கையெழுத்து வேட்டை திறக்கப்படும். ஆறு வாரத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டால் ஆசனம் காலி. 2019இல் பீட்டர்பரோ தொகுதி மக்கள் முதன்முதலில் அப்படித் தங்கள் எம்.பியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

2021இல் நடந்ததுதான் இன்னும் முக்கியம். ஓவன் பட்டர்சன் என்ற ஆளும் கட்சி எம்.பி, தனக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனங்களுக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசினார் என்று ஆணையாளர் கண்டார். முப்பது அமர்வு நாள் இடைநிறுத்தம் என்று குழு பரிந்துரைத்தது. பொரிஸ் ஜோன்சன் அரசாங்கம் என்ன செய்தது? ஆளைக் காப்பாற்ற விதியையே மாற்றப் பார்த்தது. வாக்கெடுப்பில் வென்றும்விட்டது. ஒரே இரவு. நாடு கொதித்த கொதிப்பில் அடுத்த நாள் அரசாங்கம் பின்வாங்கியது, பட்டர்சன் பதவி விலகினார். டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில், மிக நீண்ட காலமாகக் கைவிடாத தொகுதியை ஆளும் கட்சி இழந்தது. அங்கே மக்களின் கோபம் எதற்காக எழுந்தது என்று கவனித்தீர்களா? ஒரு மனிதர் மேல் மட்டும் அல்ல. விதியில் கை வைத்ததற்காக எழுந்தது. அந்தக் கோபம்தான் நமக்கு வேண்டும்.

இதை இங்கே கொண்டுவருவது இலகு என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். நமக்குத் தனித் தொகுதி எம்.பி இல்லை. திகாமடுல்ல மாவட்டம் முழுவதற்கும் ஏழு பேர், விருப்பு வாக்கில் வருகிறார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று மூன்று சமூகமும் உள்ள மாவட்டம். நூற்றுக்குப் பத்துக் கையெழுத்தில் எவரையும் எப்போதும் திருப்பி அழைக்கலாம் என்று சட்டம் செய்தால் என்ன ஆகும்? ஒரு சமூகத்தின் ஒரே எம்.பியை மற்றச் சமூகத்தார் கையெழுத்துப் போட்டு விரட்டும் ஆயுதமாக அது மாறிவிடும். அதிலும் முதலில் அடிபடுவது எண்ணிக்கையில் குறைந்த நாங்கள், இந்த மாவட்டத்துத் தமிழர். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் ஒரு கதவு வேண்டும். கட்சி சாராத ஓர் ஒழுக்க ஆணையாளர் விசாரித்து, இவர் தவறு செய்தார் என்று எழுத்தில் அறிக்கை வைத்த பிறகுதான் கையெழுத்து. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அரசியலமைப்புப் பேரவை நியமிக்கலாம். அறிக்கையைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் சபையில் வைத்தே ஆக வேண்டும், வைத்த அன்றே மும்மொழியிலும் வெளியிட வேண்டும். இனி எந்த அறிக்கையும் ஐந்து வருடம் தூங்கக் கூடாது.

ஒன்றுமே இல்லாத நாடு அல்ல இது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் எம்.பிக்களின் சொத்து விவரத்தைப் பகிரங்கமாக்கச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. நம் மாவட்டத்து ஏழு பேரின் சொத்து விவரத்தைத் தேடிப் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? பின்வரிசை இளைஞர்களே, நாள் முழுக்கக் கையில் தொலைபேசி வைத்திருக்கிறீர்கள். ஒரு பொழுதை இதற்குக் கொடுங்கள்.

நாம் எம்.பியிடம் எப்போதும் கேட்பது என்ன? வீதி கேட்போம், வேலை கேட்போம், இடமாற்றம் கேட்போம். நம் பக்கத்தில் நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 சுனாமி வீடுகள் ஆள் குடியேறாமல் காடு மண்டிக் கிடந்தன. ஒவ்வொரு தேர்தலிலும் அவை மேடைப் பேச்சாயின. கேட்டவர்கள் நாம், வாக்குறுதி தந்தவர்கள் அவர்கள். தந்த வாக்குறுதிக்கு என்ன செய்தீர் என்று திருப்பிக் கேட்டவர் எத்தனை பேர்? கேட்காததற்குக் காரணம், அவர் நம்மட ஆள். நம்மட ஆளைக் கேட்டால் மற்ற ஆட்களுக்குச் சந்தோசமாகிவிடும் என்ற பயம். இந்தப் பயத்தில்தான் மூன்று சமூகத்து அரசியல்வாதிகளும் சௌக்கியமாக இருக்கிறார்கள். தமிழ் எம்.பி பிடிபட்டால் முஸ்லிம் கடையில் சிரிப்பு. முஸ்லிம் எம்.பி பிடிபட்டால் தமிழ்க் கடையில் சிரிப்பு. சிரித்து முடிந்ததும் இரண்டு கடைக்காரரும் ஒரே விலை உயர்ந்த அரிசியைத்தான் வாங்கிப் போகிறார்கள். முஸ்லிம் சகோதரர்களே, உங்கள் ஆள் தவறு செய்யும்போது நீங்கள் கேளுங்கள். எங்கள் ஆள் தவறு செய்யும்போது நாங்கள் கேட்கிறோம். இந்த ஒரு உடன்பாடு ஆலையடிவேம்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் வந்தால் போதும், கொழும்பு திரும்பிப் பார்க்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை எந்தக் கட்சி எம்.பி இந்த ஊருக்கு வந்தாலும், மாலை போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எம்.பி அல்லாத ஒருவர் உங்களை விசாரிக்கும் சட்டத்துக்கு நீங்கள் ஆதரவாக வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா? ஆம் என்றால் ஆம் என்று எழுதி வாங்குங்கள். இல்லை என்றால், அந்த மாலையைத் திருப்பிக் கொண்டு போங்கள்.